ஒரு சிறுகுடலின் நான்கு படங்கள்

சென்ற மாதம் பவித்ரா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் பிரிவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். படத்தில் யாரோ ஒருவரின் சிறுகுடலின் கடைசிப் பகுதி தெரிந்தது. சுவர் தடித்திருந்தது, வழி குறுகியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "சார், கம்ப்யூட்டரு டி.பி., கிரோன் ரெண்டையும் போடுது. டாக்டருங்களும் ரெண்டையும் சொல்றாங்க. உங்க காலத்துல வெறும் பேரியத்தை வெச்சு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கவில்லை" என்று பதில் அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று திரும்பி வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். உண்மையைத்தான் சொன்னேன். அதை விளக்கக் கைபேசியின் சின்னத் திரை போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன். ரேடியோகிராஃபி டிப்ளமோ முடித்தேன். இருட்டறையில் படம் கழுவி விரல் நுனி பழுப்பேறியபடி சில ஆண்டுகள் போயின. பிறகு ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன், அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். அன்றாட வேலை எலும்புப் படமும் நெஞ்சுப் படமும். சங்ககிரியிலிருந்து லாரிக்காரர்கள் வருவார்கள், தறியில் விரல் கொடுத்தவர்கள் வருவார்கள். எலும்பு ஒடிந்திருக்கும், அல்லது ஒடிந்திருக்காது. படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நோயாளிக்கே தெரிந்துவிடும்.

சிறுகுடல் அப்படி இல்லை. அதன் முதல் சங்கடம் அது இருக்கும் இடம். வாய் வழியாக விடும் குழாய் அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். கீழிருந்து விடும் குழாய் பெருங்குடல் முழுவதும் ஏறி, சிறுகுடலின் கடைசி நுனியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நடுவில் மடிந்து மடிந்து கிடக்கும் நீளத்தை அன்று எங்கள் ஊரில் யாரும் நேரே கண்ணால் பார்க்க முடியாது.

இரண்டாவது சங்கடம் அழற்சி. காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து வீங்கி, சூடேறி வலிக்கிறது. குடலின் உள்சுவரில் நடப்பதும் அதுவே. காசநோய்க் கிருமி நுரையீரலைப் போலவே குடலிலும் குடியேறும். கிரோன் என்ற நோயில் கிருமியே இருக்காது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும். காரணங்கள் இன்னும் உண்டு. எதுவாக இருந்தாலும் சுவர் வீங்கும், புண்ணாகும், ஆறும்போது சுருங்கித் தழும்பாகும். நாங்கள் பார்ப்பது தழும்பையும் வீக்கத்தையும் மட்டுமே.

மருந்து மட்டும் நேர் எதிர். காசநோய்க்குக் கொடுப்பது கிருமியைக் கொல்லும் மருந்து. கிரோனுக்குக் கொடுப்பது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. காசநோய் இருப்பவருக்குத் தவறுதலாக இரண்டாவதைக் கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவிவிடும். அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். குணமானால் காசநோய் என்று முடிவு செய்வார்கள். இந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதில் அர்த்தம் இருக்கிறது.

பேரியம் பரிசோதனை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி வெறும் வயிற்றோடு வருவார். பேரியம் என்பது வெள்ளை மாவு. அதைத் தண்ணீரில் கரைத்து நான் கலக்குவேன். கட்டி தட்டினால் படத்தில் அது புண் போலத் தெரியும், அதனால் வடிகட்டாமல் கொடுக்கமாட்டேன். குடித்த பிறகு வலப்பக்கம் படுக்கவைத்தால் வயிற்றிலிருந்து குடலுக்கு விரைவாக இறங்கும். அவ்வப்போது ஒரு படம் எடுப்பேன், நடுவில் வராந்தாவில் நடக்கச் சொல்வேன். வெள்ளை மெல்ல மெல்ல முன்னேறிச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தை நெருங்கும்போது டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்புவேன்.

டாக்டர் மங்கையர்க்கரசி எங்கள் கதிரியக்க மருத்துவர். நோயாளிகளுக்கும் எங்களுக்கும் டாக்டரம்மா. நோயாளியின் கோப்பை முதலில் திறக்கமாட்டார். படங்களை மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்ப்பார். கண்டதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கோப்பைப் படிப்பார். படித்துவிட்டு மறுபடியும் படத்துக்குப் போவார். "முதல்லயே படிச்சுட்டா, அதுல எழுதியிருக்கறதத்தான் கண்ணு தேடும்" என்பார். நான் எடுத்த படம் கறுத்துப்போயிருந்தால், "ஜேம்ஸ், இது குடலா, அடிப்பிடிச்ச சட்டியா?" என்று கேட்பார். கேட்பதெல்லாம் மெதுவான குரலில். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

திரையில் பார்க்கும் வேளை வந்ததும் அறையை இருட்டாக்குவேன். அவர் ஈயக் கவசமும் ஈயக் கையுறையும் மாட்டிக்கொண்டு நோயாளியின் வயிற்றை அழுத்துவார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் குடல் மடிப்புகளை அப்படித்தான் பிரித்துப் பார்க்க முடியும். வயிறு இறுகியிருந்தால் பிரியாது. அதனால் நோயாளியை எதையாவது பேசவைப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று. பேசும் வயிறு தளர்ந்திருக்கும்.

செங்கோட்டுவேல் முதல்முறை வந்தபோது அவருக்கு நாற்பது வயது ஆகியிருக்காது. திருச்செங்கோட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடமாநிலங்களில் வேலை. இளைத்து, வெளுத்துப்போயிருந்தார். சாப்பிட்டதும் வயிற்றுக்குள் கடமுடவென்று உருளும், முறுக்கிப் பிடிக்கும், பிறகு விடும். அதற்கு முன்பே வடக்கே வேலை செய்த இடத்தில் குடல் அடைத்துக்கொண்டு, அவசரமாக அறுத்துச் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை.

பேரியம் டம்ளரை நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், இது குடிக்கறதுக்குங்களா, செவுத்துக்கு அடிக்கறதுக்குங்களா?"

"குடிக்கத்தான். விடாம குடிச்சிருங்க."

"ஊட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட இதவிடத் தண்ணியாத்தானுங்க கலக்குவோம்."

அவர் மனைவி சம்பூர்ணம் பக்கத்தில் நின்றார். "வாய மூடிட்டுக் குடிங்க மாமா."

"வாய மூடிட்டு எப்படிப் புள்ள குடிக்கறது?"

அந்த முதல் படத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வழி இரண்டு மூன்று இடங்களில் குறுகியிருந்தது. டாக்டரம்மா நெடுநேரம் நின்றார். "அழற்சி இருக்கு. எதனாலன்னு இந்தப் படம் சொல்லாது" என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். குடல் மருத்துவர் இளங்கோ கீழிருந்து குழாய் விட்டு, எட்டிய இடத்திலிருந்து பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தார். அதிலும் அழற்சி என்றுதான் வந்தது. காசநோய் மருந்தைத் தொடங்கினார்கள். மாத்திரை வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று இளங்கோ கேட்டார், நானும் பேரியம் கொடுக்குமுன் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

மருந்து முடியும்வரை அவர் ரிக்குக்குப் போகவில்லை, தோட்டத்தோடு இருந்தார். எடை ஏறியது, இரத்தம் ஏறியது. முறுக்கிப் பிடிப்பது நின்றுவிட்டது. காசநோய்தான் என்று எல்லோருக்கும் நிம்மதி. காசநோய் என்று கேட்டு யாராவது நிம்மதி அடைவார்களா என்று கேட்கலாம். பெயர் தெரிந்த நோய் அது, முடிவுள்ள மருந்து.

ரிக்குக்குத் திரும்பிப் போனார். அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடியும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதே வெளிறல், அதே முறுக்கல்.

இரண்டாவது படத்தில் குறுகிய இடங்கள் கூடியிருந்தன. திரையில் பார்க்கும்போது டாக்டரம்மா அவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டார்.

"நாங்களும் உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காமத்தானுங்க குழி போடறோம்" என்றார் செங்கோட்டுவேல். "தண்ணி பாக்கறதுக்குத் தேங்காயை உள்ளங்கைல வெச்சுட்டு காட்டுக்குள்ள ஒருத்தரு நடப்பாரு. அது எந்திரிச்சு நிக்கற எடத்துல ஓட்டுவோம். தண்ணி வந்தா தேங்காய்க்காரருக்குப் பேரு. வரலீன்னா பாறை சரியில்லீன்னு சொல்லிப்போட்டு வண்டியை எடுத்துருவோம்."

"எங்க கதையும் அதேதான்" என்றார் டாக்டரம்மா. வயிறு குலுங்கச் சிரித்தார் செங்கோட்டுவேல். திரையில் குடல் மடிப்புகள் கலைந்துபோய், நான் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

முழு மருந்து சாப்பிட்டும் திரும்பி வந்ததால் காசநோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்படியானால் கிரோன். இளங்கோ தயங்கித் தயங்கி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார். கிருமி ஏதும் தலைதூக்குகிறதா என்று பார்ப்பதற்காக அடிக்கடி வரச் சொன்னார். அதனால் இந்த முறையும் செங்கோட்டுவேல் வீட்டில் இருந்தார். முகம் பூரி போல உப்பியது, வயிறு சரியாயிற்று. ஆக கிரோன்தான் என்று ஆனது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொஞ்சம் மட்டும் தொடரச் சொன்னார்கள். அதை மறக்காமல் சாப்பிட்டுக்கொண்டே ரிக்குக்குப் போனார். போனவரை அங்கிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வயிறு உப்பி, எதுவும் இறங்காமல் வாந்தி.

சலைன் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டதில் அடைப்பு மெல்ல விட்டது. ஆனால் அறுவை மருத்துவர் இனிக் காத்திருக்க முடியாது என்றார். நோயுள்ள நீளம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஏற்கெனவே ஒரு பகுதி போயிருந்தது. இதையும் எடுத்தால் மீதிக் குடல், தின்ற சோற்றை உடம்பில் ஒட்டவைக்கப் போதுமா என்பதுதான் கேள்வி. போதாவிட்டால் அந்த மனிதர் எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போவார். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று பார்க்க, அறுவைக்கு முன் மூன்றாவது முறையாக அவரை என் மேசைக்கு அனுப்பினார்கள்.

அன்று அவர் பகடி பேசவில்லை. டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தார். சம்பூர்ணம் வராந்தாவில் கணவரின் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறையை இருட்டாக்கினேன். டாக்டரம்மா கையை வைத்ததும் வயிறு பலகையாக இறுகியது.

"ரிக்குல ஒரு நாள் எப்படிப் போகும்? எந்திரிக்கறதுல இருந்து சொல்லுங்க" என்றார்.

"அதுல என்னங்க இருக்குது?"

"சும்மா சொல்லுங்க. எனக்குத் தெரியாதில்ல."

"வெள்ளென எந்திரிப்பமுங்க. டீ குடிச்சுப்போட்டு வண்டிக்கு டீசல், கம்ப்ரசரு, எல்லாம் பாக்கோணும். அப்பறம் சோறு. பெரியசாமி அண்ணன்தான் சமையலு. வரிசையாத் தட்டுப் போட்டு வெச்சிருவாரு. சோறு, கொழம்பு, ஓரத்துல ஊறுகா, மாத்திரை. தின்னுப்போட்டு ஏறுனமுன்னா பைப்பு மாட்டறதும் கழட்டறதும்…"

டாக்டரம்மாவின் கை நின்றது. திரையில் அந்த ஈயக் கையுறையின் நிழல் அசையாமல் இருந்ததைக் கண்டுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் கவனம் முழுவதும் படத்தில் இருந்தது. ஊறுகாய்க்கு அடுத்து என்ன வந்தது என்பது என் காதில் விழுந்தும் விழவில்லை.

"என்ன மாத்திரை?"

"வலிக்குங்க. எல்லார்த்துக்கும் வெப்பாரு."

"தினமுமா?"

"காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணுங்க. இரும்பு ரொம்பத் தூக்கற அன்னைக்கு மத்தியானமும்."

"எவ்வளவு காலமா?"

"ரிக்கு ஏறுனதுல இருந்துங்க. அதில்லாம யாருங்க அந்தப் பைப்பைத் தூக்கறது?"

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லைன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னீங்களே?"

செங்கோட்டுவேல் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் மறைக்கவில்லை என்பது அந்த இருட்டிலும் தெரிந்தது. "நோவு வந்தாத் திங்கறதுதானுங்களே மருந்து? இது நோவு வராம இருக்கறதுக்கு, வேலைக்கு முன்னாடி திங்கறதுங்க. வண்டிக்கு ஆயில் ஊத்தறாப்ல."

விளக்கைப் போடச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று முறை எடுத்த படங்களையும் வரிசையாக மாட்டினேன். குறுகிய இடங்களில் சில மெல்லிய வளையங்களாக, குழாய்க்குள் ஒரு தோல் போல நீட்டிக்கொண்டிருந்தன. சிறுகுடலில் இயல்பாகவே மடிப்புகள் உண்டு. அவை சற்றுக் கூடுதலாகத் தெரிவதாகத்தான் அவரும் நினைத்திருக்கிறார். வலி மாத்திரைகளை நெடுங்காலம் தின்றால் இரைப்பை புண்ணாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவை சிறுகுடலையும் புண்ணாக்கி, இப்படி வளையம் வளையமாகச் சுருக்கிவிடக்கூடும் என்று டாக்டரம்மா சொல்லி அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

ரிக் மேலாளரிடம் பேசி, மாத்திரை அட்டையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். வந்தது. கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண வலி மாத்திரை.

இத்துடன் விடை கிடைத்துவிட்டது என்று பவித்ரா நினைப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இளங்கோ வந்து படங்களைப் பார்த்த பிறகு இருவரும் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"அப்ப டி.பி. மருந்துல சரியானது எப்படி மேடம்?"

"வீட்டுல இருந்தார். தட்டுல மாத்திரை இல்லை."

"ஸ்டீராய்டுல?"

"அப்பவும் வீடு."

"அப்ப மாத்திரைதான்னு எழுதிடறீங்களா?"

"மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல மாத்திரை மட்டுமா இல்லை? ரிக்குத் தண்ணி இல்லை, தூசி இல்லை, அந்த வேலை இல்லை. எது போனதால சரியாச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? அதே தட்டுல தின்னவங்க மத்தவங்கெல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

அறுவையைத் தள்ளிவைக்கலாமா என்பதுதான் இப்போது பிரச்சினை. மாத்திரை காரணம் என்றால், அதை நிறுத்தினாலே புண்கள் ஆறும், நீளமாக அறுக்கத் தேவையில்லை. கிரோன் என்றால், தள்ளிப்போடப் போட அடைப்பு முற்றிக் குடல் வெடிக்கலாம். செங்கோட்டுவேலையும் சம்பூர்ணத்தையும் உள்ளே அழைத்து இளங்கோ ஒரு வழி சொன்னார். எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் எடுத்துவிடுவோம். அதே வேலை, அதே வகைச் சாப்பாடு, வலி மாத்திரை மட்டும் கிடையாது. ஸ்டீராய்டையும் மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம். அப்போதும் நன்றாக இருந்தால் தெரிந்துவிடும்.

சம்பூர்ணம் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, ஊட்டுல இருந்தா இவரு நல்லாயிருக்கறாருன்னு உங்களுக்கே தெரியுது. பின்ன எதுக்குங்க மறுபடியும் கொண்டுபோயி அங்கயே தள்ளறீங்க?"

"வீட்டுல வெச்சிருந்தா சரியாயிருவாரும்மா" என்றார் இளங்கோ. "எதனால சரியாச்சுன்னு தெரியாது. திரும்பப் போனா திரும்ப வரும். அடுத்த தடவை அறுக்கறதுக்குக் குடல் இருக்காது."

"அவிங்க சொல்றது ரைட்டுதான் புள்ள" என்றார் செங்கோட்டுவேல். "ஆனா மாத்திரையில்லாம பைப்பைத் தூக்கச் சொல்றாங்க பாரு, அதுதான் நடக்காது."

"நீங்க சித்த சும்மா இருங்க மாமா. அத்தனை தொலைவு அனுப்பமாட்டேன். அங்க அடைச்சுக்கிட்டா யாரு தூக்கிட்டு வர்றது?" என்றவர், இளங்கோ பக்கம் திரும்பினார். "என்ற அண்ணன் ரிக்கு வெண்ணந்தூருப் பக்கம் ஓடுது. அங்க வேணா ஏறட்டும். ஏதாச்சும்னா வெரசலா இங்க வந்தர்லாம். சோறு நான் கொண்டுபோயிக் குடுத்தர்றேன்."

"சோறு வேண்டாம்மா" என்றார் இளங்கோ. "ரிக்குச் சாப்பாடே சாப்பிடட்டும்."

"ஏனுங்க, என்ற சோத்துல அப்படி என்ன வெசம் இருக்குது?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு படங்களைக் கழற்றத் தொடங்கினார். அவர் சிரிப்பை அடக்கியதை அன்றுதான் பார்த்தேன். இளங்கோ விளக்கிச் சொல்லி முடிக்க நெடுநேரம் பிடித்தது. சம்பூர்ணத்துக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. ஒப்புக்கொண்டார்.

அந்த மாதங்களில் செங்கோட்டுவேலைப் பற்றி எந்தச் செய்தியும் வராததே நல்ல செய்தி என்று இருந்தோம். டாக்டரம்மா மட்டும் அவ்வப்போது, "அந்த வெண்ணந்தூர்க்காரர் வந்தாரா?" என்று கேட்பார். அவர் வெண்ணந்தூர்க்காரர் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், டாக்டரம்மா மாற்றிக்கொள்ளவில்லை.

நான்காவது படத்துக்கு வந்தபோது செங்கோட்டுவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடந்தார். எடை ஏறியிருந்தது. முகத்து உப்பல் வடிந்து, தோலில் நிறம் திரும்பியிருந்தது.

"வவுறு நல்லாயிருக்குதுங்க. முதுகுதான் போச்சு" என்றார். "அந்த ரிக்குல என்னையப் பாத்தா, தாத்தா வாராரு, ஒதுங்குங்கடாங்கறானுங்க. மச்சான் ஊட்டு வண்டிங்கறதால தொரத்தாம வெச்சிருக்கறாங்க."

அன்று நான் படங்களை மாட்டிவிட்டு யாருடையது என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டேன். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "புண் இல்லை. சுவர் நல்லா மடங்குது. வளையம் இருக்கு. ஒண்ணு ரொம்ப இறுக்கம்." பிறகு கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்தார். மறுபடியும் படத்துக்குப் போனார். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார்.

அடுத்த அறைக்குப் போனபோது, மேசையில் படுத்தபடியே செங்கோட்டுவேல் கேட்டார். "அறுக்கோணுமுங்களா?"

"அறுக்கணும். தழும்பு மருந்துல போகாது. ஆனா இவ்வளவு இல்லை." கையை அகல விரித்துக் காட்டினார். பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "இவ்வளவு."

செங்கோட்டுவேல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வயிறு ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எடுத்த துண்டு பரிசோதனைக்குப் போனது. மெல்லிய வளையம், பழைய அழற்சி, காசநோய்க்குரிய முடிச்சு எதுவும் இல்லை, கிரோனுக்குரிய அடையாளமும் இல்லை என்று வந்தது. நான் மகிழ்ந்துபோய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அவ்வளவு மகிழவில்லை. காசநோய் மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடித்தவரின் குடலில் முடிச்சு இல்லை என்பதால், அது எப்போதுமே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. வடக்கே முதன்முதலில் அறுத்தெடுத்த துண்டை யாரும் பார்க்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வளையங்களுக்கு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பது வரைக்கும் அவர் எழுதினார். அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை.

அடுத்த ஆண்டு செங்கோட்டுவேல் பரிசோதனைக்கு வந்தார். சம்பூர்ணமும் வந்திருந்தார். படம் எடுக்கத் தேவை இருக்கவில்லை. டாக்டரம்மா கையுறை இல்லாமல் வெறுங்கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது.

"இப்ப வேலை?"

"பழைய ரிக்குக்கே போயிட்டனுங்க. பைப்பு தூக்க முடியறதில்லீங்க. பெரியசாமி அண்ணன் ஊரோட வந்துட்டாரு. இப்ப சமையலு நானுங்க."

"மாத்திரை?"

"தொடறதில்லீங்க. சாமி சத்தியமா."

"உங்களைக் கேக்கலை. தட்டுல?"

செங்கோட்டுவேல் மனைவியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"வெக்கறனுங்க" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"எடுத்துச் சொன்னனுங்க. என்ற வவுத்துத் தழும்பையும் காட்டுனேன். நீ கரண்டி தூக்கறவன், உனக்கென்ன தெரியும்ங்கறாங்க. அவிங்க சொல்றதும் நெசந்தானுங்களே? அது இல்லாம அந்த வேலை ஆகாதுன்னு வெண்ணந்தூர்ல நானே பாத்துட்டு வந்தவன். அத்தனை வருசமாத் திங்கறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க ஆச்சு? அதை நீங்க சொல்லுங்க டாக்டரம்மா, நான் போயிச் சொல்றேன். கேட்டுக்குவாங்க."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"தெரியலைங்க" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாருக்காவது முகம் வெளுத்தால், தின்ற பிறகு வயிறு உருண்டு முறுக்கினால், மலம் தார் போலக் கறுத்துப் போனால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் எந்த ஊராக இருந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் யாருக்கும் கொடுக்கக்கூடாது. செங்கோட்டுவேல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஒன்றைத் தவறாகச் சொன்னபோது டாக்டரம்மா திருத்தினார், அவர் மறுபடியும் சொன்னார்.

"சரிங்க. தெனமும் தட்டு வெக்கறப்பவே எல்லார்த்தையும் கேட்டுப்போடறேன்."

"நல்லாயிருக்குது போங்க" என்றார் சம்பூர்ணம். "சோத்துத் தட்டு முன்னால வெச்சுட்டா மாமா, வெளிக்கி என்ன நெறத்துல போச்சுன்னு கேப்பீங்க?"

செங்கோட்டுவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"மாத்திரையை அங்கதான புள்ள வெக்கறேன்."